அஞ்சடி மேடையில வில்லு வச்சா குடம் எங்க தெரியும்?

வணக்கம் மக்களே. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேடை போடும்போது எல்லாரும் மொதல்ல யோசிக்கது பின்னாடி என்ன ஃபிளெக்ஸ் அடிக்கலாம்னுதான். மேடை எத்தனை அடி உசரம்னு யாரும் கேக்க மாட்டாங்க. வில்லுப்பாட்டைப் பொறுத்தவரை அந்த உசரம்தான் எல்லாமே.

இந்தா டேப்பு. ஜமுக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்தா நம்ம கண்ணு தரையிலருந்து ஏறக்குறைய ரெண்டரை அடி. இந்த மேடை அஞ்சடி. மொத வரிசை மேடையிலருந்து ஆறடி தள்ளி. வில்லு விளிம்புலருந்து அஞ்சடி உள்ள. இப்ப கண்ணுலருந்து மேடை விளிம்பைத் தொட்டு நூலை இழுத்துப் பாருங்க. வில்லு இருக்க இடத்துல நூலு மேடைக்கு ரெண்டடி மேல போவுது. அந்த ரெண்டடிக்குக் கீழ உள்ளது எதுவும் மொத வரிசைக்குத் தெரியாது. வில்லோட கட்டியிருக்க குடம் போச்சு, பத்திங்க மட்டையால அதை அடிக்க கையும் பாதி போச்சு. தலையும் மைக்கும்தான் மிச்சம். இதுக்கு ரேடியோவே போதுமே!

இதே கணக்கை மூணடி மேடைக்குப் போட்டா மறையது அஞ்சு இஞ்சுதான். கழுத்தும் வலிக்காது. அண்ணாந்தே பாத்துக்கிட்டிருந்தா ஒரு மணி நேரத்துல பொம்பளைங்க பின்னால நகந்துருவாங்க, முன்னாடி வெறுந்தரையா கெடக்கும். பொறவு பாடுதவரு யாரு முகத்தைப் பாத்து கதையை இழுப்பாரு? குலவைச் சத்தமும் தூரத்துலருந்துதான் வரும்.

மூணடின்னா பின்னால உள்ளவங்களுக்கு மறைக்குமேன்னு கேப்பீங்க. முன்னால நாற்காலி போட்டா கண்டிப்பா மறைக்கும். நாற்காலியில இருக்கவர் கண்ணே நாலடிகிட்ட வந்துரும், அவர் தலை அதுக்கும் மேல. முன்னால ஜமுக்காளம், அதுக்குப் பின்னால நாற்காலி, கடைசியில நிக்கவங்க. தானா படிக்கட்டு மாதிரி ஆயிரும். நன்கொடை குடுத்தவங்களுக்கு முன்னால சோபா போடுதது கமிட்டிக்குத் தவிர்க்க முடியாத சங்கடம்தான். போடுததை ஓரமா போடுங்க.

ஊர்ல ஏற்கனவே சிமெண்டுல அஞ்சடி கலையரங்கம் கட்டியாச்சுன்னா இடிக்கவா முடியும்? வில்லை விளிம்புலருந்து ரெண்டடிக்கு முன்னால கொண்டு வாங்க. மறைவு பத்து இஞ்சா கொறஞ்சுரும். அடியில ஒரு அடி உசரத்துக்கு பெஞ்சு சேத்து பலகை போட்டா குடத்து அடி வரைக்கும் தெரியும். பலகை ஆடக்கூடாது. மைக் ஸ்டாண்டுக்கு அடியில மடிச்ச சாக்கு வைங்க. இல்லன்னா தாளம் போடுத அதிர்வெல்லாம் பலகை வழியா ஏறி ஸ்பீக்கர்ல ‘டொம் டொம்’னு கேக்கும். ஸ்பீக்கர் பெட்டியை மேடை மூலையில வைக்காதீங்க. ஓரத்துல இருக்கவங்களுக்கு அது சுவரு மாதிரி.

கொடையில மகுடம்ங்க மேளத்தை அடிச்சு ஆடுத கணியான் கூத்தை மேடையில ஏத்தவே வேண்டாம்ங்கது என் கட்சி. மகுடச் சத்தம் நெஞ்சுல விழுத தூரத்துல, தரையில நடக்க வேண்டிய ஆட்டம் அது.

அடுத்து வெளிச்சம். பாடுதவர் முதுகுக்குப் பின்னால சீரியல் செட்டும் பளபள ஃபிளெக்ஸும் இருந்தா நம்ம கண்ணு அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிரும். முகம் கருப்பாத்தான் தெரியும். போதாததுக்கு சனம் ஃபிளெக்ஸ்ல யார் யார் போட்டோ இருக்குன்னு எண்ணிக்கிட்டிருக்கும். மினுக்கம் இல்லாத கருநீலத் துணி போதும். முகத்துக்கு எட்டடி மேல, எட்டடி முன்னால, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மஞ்ச விளக்கு. மூணடி மேடைன்னா கம்பத்துல பதிமூணு, பதினாலு அடி உசரத்துல வரும். நேரா தலைக்கு மேல தொங்கவிட்டா கண்ணுக்குழி இருண்டுரும். கீழருந்து அடிச்சா பேய் முகம். கதையில சுடலைமாடன் சாமி வார இடத்துக்கு வேணும்னா அதை ரெண்டு நிமிசம் போடலாம்.

கடைசியா ஒண்ணு. ராத்திரி விளக்கைப் போட்டுட்டு, ஒரு சின்னப் பிள்ளையை ஜமுக்காளத்து ஓரத்துல உக்கார வச்சு ‘குடம் தெரியுதா?’ன்னு கேளுங்க. பந்தக்கார அண்ணாச்சிக்கு மீதிப் பணம் குடுக்கதுக்கு முந்தியே கேட்டுருங்க.