காசில் எழுத்து வெட்டிய கை

(மதுரை மாசி வீதி மண்டபம் ஒன்றில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பழங்காசு சேர்க்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பி, பாத்திரக் கடைகளில் பேர் வெட்டும் என் சகாக்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். காசின் எழுத்து, பதக்கத்தின் எழுத்து, காசு விளிம்பில் ஓடும் எழுத்து.

“அகல உழுவதைவிட ஆழ உழு” என்பார் அப்பா. அவர் உழுதது கரிசலை. நான் நாற்பது வருஷமாக உழுதது எவர்சில்வர் குடத்தை.

பெருவழுதி காசைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சதுரச் செம்பு; குதிரை; அதற்கு மேலே தமிழ் பிராமியில் பாண்டியன் பேர். அச்சு வெட்டியவன் பேர் என்ன? யாருக்கும் தெரியாது. அவன் எழுத்தை இடவலமாகத் திருப்பி, மேடு வரவேண்டிய இடத்தைப் பள்ளமாக வெட்டியிருக்கிறான். கை ஒருதரம் மறந்தால் அந்த அச்சில் அடித்த காசெல்லாம் தப்பு! பிற்காலப் பாண்டியர் காசில் ‘எல்லாந் தலையானான்’, ‘சோணாடு கொண்டான்’ என்று பட்டப்பெயரையே அடக்கினார்கள்.

இன்று காசுக்குப் பெரிதாக மாதிரி செய்து, அதைக் காசளவுக்குச் சுருக்கி அச்சு எடுக்கிறார்கள். சுருக்கினால் முதலில் அடைபடுவது ணகரத்தின் சுழி. புள்ளி போய் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்தச் சுழியைத் திறக்கணும், எந்தப் புள்ளியைத் தள்ளி வைக்கணும் என்று தெரிந்தவன்தான் எழுத்துக்காரன். உருவம் வரைகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பதக்கத்துக்கு வருகிறேன். போன வருஷம் என் பேத்தி பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. நீல ரிப்பனைக் கழற்றவே மாட்டேன் என்றாள். ராத்திரி குனிந்து சாப்பிட்டபோது பதக்கம் சாம்பாரில் விழுந்தது. கழுவி, கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ‘பேச்சு’ என்ற இடத்தில் தனியாக ஒரு ‘ப’. பக்கத்தில் ஏகாரக் கொம்பு. அதற்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். “தாத்தா, ஃபர்ஸ்ட் வந்தவளுக்கு எதுக்கு முட்டை?” என்றாள்.

மறுநாள் பதக்கம் செய்த கடைக்குப் போனேன். “கம்ப்யூட்டர் அப்படித்தான் குடுக்குது ஐயா. பதக்கத்தை யாரு படிக்கிறா?” என்றார் கடைக்காரத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முந்நூறு பதக்கம், ரெண்டே நாள் கெடு. அகல உழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்து முட்டையைச் சுரண்டிவிட்டு, ஊசியால் ‘பேச்சு’ என்று நானே வெட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது.

2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவர் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. 2024-இல் கலைஞரின் நூறு ரூபாயில் ‘தமிழ் வெல்லும்’. நாணயத்தில் நிற்கும் தமிழ், நம்மூர்ப் பள்ளிப் பதக்கத்தில் நிற்காதா? அலங்காநல்லூரில் மாடு பிடித்தவனுக்குக் கொடுக்கும் தங்கக் காசில் நிற்காதா?

நம் கோரிக்கை ஒன்றுதான். மாநகராட்சிப் பள்ளிகள் பதக்கத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது எழுத்துக்காரர் கூலி என்று தனியாக ஒரு வரி இருக்கணும். ஃப்ளெக்ஸ் வந்து தூரிகையைக் கீழே வைத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களைக் கூப்பிடுங்கள், ஆழ உழுவார்கள்.

தலைவர் மணி அடித்துவிட்டார். விளிம்பு எழுத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். வாசலில் மேசைமேல் கோரிக்கை நோட்டு இருக்கிறது. முதல் கையெழுத்து மாமன்ற உறுப்பினர் ஐயாவுடையது என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். தமிழில் போடுங்கள் ஐயா.