கேட்ட கேள்விக்குத்தான் பதில்

வணக்கம் நேயர்களே. டி.என்.ஏ. சோதனைகளைப் பற்றி வானொலியில் பேசப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கரும்பலகை இல்லை, படம் கீறிக் காட்ட வழியில்லை. வகுப்பில் என்றால் நான் வாயால் பேசப் பேசக் கை தன்பாட்டில் கீறிக்கொண்டே போகும், இன்றைக்கு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும். ஆகவே கீறாமல் விளங்காத எதையும் நான் தொடப்போவதில்லை, பயப்படாமல் கேளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா. நான் கனகாலம் ஆய்வுகூடத்தில் இருந்துவிட்டுப் பிறகு படிப்பிக்கப் போனவள் என்பதால் அங்கே உள்ளவர்களின் ரிப்போர்ட் எல்லாம் கடைசியில் என் வாசலுக்குத்தான் வரும். போன மாதம் அந்த அக்கா வந்து, "தங்கச்சி, இவருக்குச் சீனி குறையுதில்ல, ஒரு டி.என்.ஏ டெஸ்ட் எடுத்துப் பார்ப்பமா?" என்று கேட்டா. அதே கிழமை இன்னொருவர் போன் எடுத்தார், விசாவுக்குத் தகப்பன் மகன் உறவை நிரூபிக்கவேண்டுமாம். அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார், டி.என்.ஏ டெஸ்ட்.

நான் தொண்டை வறள வறளச் சொல்லிவருவது இதுதான்: டி.என்.ஏ டெஸ்ட் என்று ஒன்று இல்லை. கடைக்குப் போய் "சாமான் தாங்க" என்று கேட்கிற மாதிரி அது. முதலாளி எதை எடுத்துத் தருவார், அரிசியையா ஆணியையா? என்ன கேள்வி என்று தெரிந்தால்தான் எந்தச் சோதனை என்று சொல்லலாம். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், கேட்காததற்கு வராது. இதை இன்றைக்கு நாலைந்து தரம் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்களே, பீசீஆர். அது என்ன செய்கிறது? மனிதனுடைய டி.என்.ஏ. என்பது கலத்துக்குள் இருக்கும் பரம்பரைப் புத்தகம், ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய ஏறக்குறைய 300 கோடி எழுத்து. பக்க எண் இல்லை, அத்தியாயத் தலைப்பு இல்லை. இதற்குள் ஒரு வரியைத் தேடு என்றால் எங்கே போவது? அந்த வரி தொடங்குகிற இடத்தில் இருபது எழுத்து, முடிகிற இடத்தில் இருபது எழுத்து, இந்த இரண்டு துண்டுகளையும் நாம் செய்து கொடுக்கிறோம். பிரைமர் என்பது அதுதான். ஏன் இருபது? நாலு எழுத்தை வைத்து இருபது இடத்தை நிரப்பினால் ஒரு இலட்சம் கோடிக்கும் மேலான விதங்கள் வரும், 300 கோடி எழுத்துள்ள புத்தகத்தில் அதே இருபது தற்செயலாக இன்னோர் இடத்தில் வருவது அபூர்வம். பிரைமர் தன் இடத்தைக் கண்டு ஒட்டிக்கொள்ளும், நொதியம் என்ற புரதம் வந்து அங்கிருந்து பிரதி எடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்று முடியும்போது ஒன்று 107 கோடியாகிவிடும். அவ்வளவு பெருகின பிறகு கண்ணுக்குத் தெரியாமல் எங்கே போவது? (கொரோனா வைரசில் இருப்பது டி.என்.ஏ.யின் உறவான ஆர்.என்.ஏ., அதை முதலில் டி.என்.ஏ. ஆக்கவேண்டும், ஒரு படி கூட, அவ்வளவுதான்.)

இதை 1983இல் கலிபோர்னியாவில் இரவில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது யோசித்தவர் கேரி முலிஸ், பத்து வருஷத்தில் நோபல் பரிசும் வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சங்கிலியைப் பிரிக்க 95 பாகை வரை சூடாக்கவேண்டும், அந்தச் சூட்டில் நொதியம் அவிந்து போகும். சுற்றுக்குச் சுற்று மூடியைத் திறந்து புது நொதியம் விடவேண்டியிருந்தது. மகாஓயா வெந்நீரூற்றுக்குப் போயிருப்பீர்களே, முட்டை கட்டிக் கொண்டுபோய் அவித்துத் தின்கிற ஆட்களும் உண்டு. அந்தமாதிரி ஒரு வெந்நீரூற்றுத்தான், அமெரிக்காவின் யெலோஸ்டோனில், அதற்குள் சந்தோசமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பக்ரீரியாவை தோமஸ் புரொக் என்பவரும் அவருடைய மாணவர் ஒருவரும் 1960களிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். அதன் நொதியத்துக்குச் சூடு பொருட்டே இல்லை. டாக் பொலிமரேஸ் என்று பெயர். வெந்நீரில் புழு தேடுகிற மாதிரி ஒரு வேலையை அன்றைக்கு அவர்கள் செய்யாவிட்டால் 2020இல் நாங்கள் என்ன செய்திருப்போமோ.

பெருகுகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பெருக்கம்தான் ஒருமுறை என் கழுத்தையும் பிடித்தது. கொழும்பில் பயிற்சிக்கு இருந்த காலம். எந்தப் பீசீஆரிலும் ஒரு குழாயில் மாதிரி எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் மட்டும் விடுவோம், அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எங்கோ பிழை. இரண்டு கிழமை மினக்கெட்டு என் மாதிரிகளை ஓட்டி, பெருகினதைக் கோடாகக் காட்டும் ஜெல்லைக் கழியூதா வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு குழியின் கீழும் செம்மஞ்சள் கோடு அழகாக மினுங்குது. என்ன சந்தோசம்! பிறகு கடைசிக் குழியைப் பார்த்தேன். தண்ணீர்க் குழி. அதிலும் அதே கோடு, அதே உயரத்தில், இன்னும் கொஞ்சம் பிரகாசமாக. மேற்பார்த்த மிஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, குப்பை வாளியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டா. பிழை என்னுடையதுதான். முதல்நாள் பெருகி முடிந்த குழாயைத் திறந்து எடுத்த அதே பைப்பெட்டால், திரவம் அளக்கிற கருவியால், அடுத்த நாள் புதுக் கலவையையும் அளந்திருக்கிறேன். ஒரு குழாய்க்குள் கோடிக்கணக்கான பிரதி, அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூறல் போதும்.

அந்த முறை லீவில் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு எருமைத் தயிர் கொண்டுவருகிற ஆச்சியிடம் இதைச் சொல்லி அழாத குறை. ஆச்சி கேட்டுவிட்டு, "என்ன புள்ள, இதுக்குப் படிக்கவா வேணும்? பால் சட்டிக்கு ஒரு அகப்பை, தயிர்ச் சட்டிக்கு ஒரு அகப்பை. மாத்திப் போட்டா விடியக்குள்ள எல்லாப் பாலும் தயிர்தான்" என்றா. உண்மையிலேயே அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு நல்ல ஆய்வுகூடங்களில் கலவை தயாரிக்கும் அறை வேறு, பெருகினதைத் திறக்கும் அறை வேறு, அங்கே போன மேலங்கியோடு இங்கே வரக்கூடாது. பிறகு நான் படிப்பித்த அத்தனை வகுப்பிலும் ஆச்சியின் இரண்டு அகப்பைதான் முதல் பாடம். இதில் நிறைய நேரம் போய்விட்டது, நான் எப்போதும் இப்படித்தான்.

சரி, விசா கேட்டவருடைய கேள்விக்கு வருவோம். இது என் பிள்ளையா? இங்கே எழுத்தை வாசிக்கவே தேவையில்லை, எண்ணினால் போதும். மருதமுனைக் கைத்தறிச் சாறியின் கரையில் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இல்லையா? எங்கள் நிறமூர்த்தங்களிலும், டி.என்.ஏ. சுருண்டிருக்கும் கட்டுகளிலும், சில இடங்களில் நாலு எழுத்துக் கொண்ட ஒரு துண்டு அப்படித் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 9 தரம், இன்னொருவருக்கு 14 தரம். ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண் இருக்கும், ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. தாயிடம் 11, 14. தகப்பனிடம் 9, 12. பிள்ளையிடம் 11, 12 என்றால் பொருந்துகிறது. பிள்ளையிடம் 11, 16 என்றால் அந்த 16 எங்கிருந்து வந்தது? ஒரே இடத்தில் பொருந்தாவிட்டால் எண்ணிக்கை இடையில் மாறியிருக்கவும் கூடும், பல இடங்களில் பொருந்தாவிட்டால் கதை வேறு. அதனால்தான் பதினைந்து இருபது இடங்களில் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆளுக்காள் இப்படிப் பிரித்தறியலாம் என்பதை 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டார், அடுத்த வருஷமே அதைப் பயன்படுத்தியது ஒரு குடிவரவுப் பிரச்சினைக்கு.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் இதை உலகமே பார்த்தது 2005இல். சுனாமியில் கல்முனையில் உயிரோடு கண்டெடுத்த ஒரு கைக்குழந்தை, ஆஸ்பத்திரிப் பதிவில் 81ஆம் இலக்கம். ஒன்பது சோடிப் பெற்றோர் சண்டை பிடிக்கிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின, முறையாக நீதிமன்றத்துக்குப் போனது ஒரு சோடிதான். நீதிமன்றம் பரிசோதனைக்கு உத்தரவிட்டது, பெப்ரவரியில் பெற்றோர் அவர்கள்தான் என்று உறுதியாகிப் பிள்ளையைக் கொடுத்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்த ஆள், நிம்மதியாக இருக்கட்டும். கவனியுங்கள், அந்தச் சோதனை பிள்ளைக்கு என்ன நோய் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டது யார் தாய் தகப்பன் என்று மட்டும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயம். எங்கள் பகுதியில் கலியாணப் பேச்சு என்றால் முந்தி முதற்கேள்வியே "என்ன குடி?" என்பதுதான், தமிழாட்கள் முஸ்லிம் ஆட்கள் இரண்டு பகுதியிலும். குடி என்பது குலம் மாதிரி, தாய்வழியாக வரும், தகப்பனின் குடி தகப்பனோடு நின்றுவிடும், பிள்ளைக்குப் போகாது. ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. எங்கள் கலத்துக்குள் இழைமணி என்று ஒன்று இருக்கிறது, சக்தி தருவது, அதற்குச் சொந்தமாக 16,569 எழுத்துக் கொண்ட ஒரு சின்னப் புத்தகம் உண்டு. 1981இலேயே முழுவதையும் வாசித்துவிட்டார்கள். அந்தப் புத்தகமும் தாயிடமிருந்து மட்டுந்தான் வரும், விந்திலிருந்து வரும் இழைமணி முட்டைக்குள் அழிந்துபோகும். அச்சாகக் குடி மாதிரியே! அம்மாவின் தங்கச்சியை நாங்கள் சின்னம்மா என்று, அம்மா என்றே, கூப்பிடுகிறோம், அவவின் பிள்ளைகள் எங்களுக்கு அண்ணன் தங்கச்சி. இழைமணியைக் கேட்டால் அதுவும் அப்படித்தான் சொல்லும், எல்லாருக்கும் ஒரே புத்தகம். மாமாவின் பிள்ளை மச்சாள், வேறு குடி, இழைமணியும் வேறு, ஏனென்றால் அது மாமியுடையது.

ஆனால் குடி வேறு என்றவுடன் இரத்தம் வேறு என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த மச்சானும் மச்சாளும் மற்றப் பெரிய புத்தகத்தில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். இழைமணியிடம் அதைக் கேட்கவில்லை, அது சொல்லவில்லை. அதே போல, சின்னம்மா ஒருவ வந்து நான்தான் இந்தப் பிள்ளையின் தாய் என்றால் இழைமணிச் சோதனை ஆமாம் என்று தலையாட்டும். குடி ஒன்றுதானே. அப்படியான இடத்தில் நம்பக்கூடியது சாறிக் கரைப் பூவை எண்ணுகிற சோதனை.

இந்த எட்டில் ஒரு பங்கு எங்கே முக்கியம் என்றால் தலசீமியாவில். பரம்பரையாக வரும் இரத்த நோய் அது, பங்கு பொதுவானால் பிழையும் பொதுவாக இருக்கலாம். நாட்டில் அடிக்கடி காணும் பீட்டா தலசீமியா விகாரம், அதாவது டி.என்.ஏ. மாற்றம், ஒன்றில் பிழை ஒரே ஒரு எழுத்து, ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி. ஒருவரிடம் ஒரு பிரதி மட்டும் பிழை என்றால் அவர் காவி, பிழையைக் காவுகிறவர், ஆள் சுகமாகத்தான் இருப்பார். காவி இருவர் கட்டினால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றவேண்டி வரலாம். ஒரெழுத்துப் பிழையை எப்படிப் பிடிப்பது? பிரைமரின் கடைசி எழுத்தைச் சரியான எழுத்துக்கு ஒன்று, பிழையான எழுத்துக்கு ஒன்று என்று இரண்டு விதமாகச் செய்து இரண்டு குழாயில் போடுவது. கடைசி எழுத்துப் பொருந்தாவிட்டால் பிரதி எடுபடாது. எந்தக் குழாயில் கோடு வருகிறதோ அது பதில். இரண்டிலும் வந்தால் காவி. நல்ல மலிவான கெட்டித்தனம். ஆனால் உங்களிடம் இருப்பது வேறோர் இடத்துப் பிழை என்றால் இந்தக் குழாய்க்கு அது தெரியாது, ஒன்றுமில்லை என்றுதான் ரிப்போர்ட் வரும். பீட்டா தலசீமியாவுக்கு நூற்றுக்கணக்கான பிழைகள் உண்டு. ஆகவே ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று கண்டால் எதற்கு நெகட்டிவ் என்று கேளுங்கள். வைத்தியர் கோபித்தாலும் கேளுங்கள். இரத்தத்தின் சாதாரணக் கணிப்பையும் சேர்த்துப் பாருங்கள், அது இன்னும் பழைய, நல்ல சோதனை.

இதே குறை ஒருமுறை உதவியும் செய்தது. 2020 முடிவில் இங்கிலாந்தில் ஒரு வகைப் பீசீஆர் கொரோனா வைரசின் மூன்று இடங்களைத் தேடும், திடீரென்று நிறைய ஆட்களுக்கு இரண்டு இடம் வருகிறது, முள் புரதத்துக்குரிய மூன்றாவது வரவில்லை. மெசின் பழுது இல்லை, வைரஸ் அந்த இடத்தில் 6 எழுத்தைத் தொலைத்திருந்தது, சோதனைக்கு அங்கே பிடி கிடைக்கவில்லை. அல்ஃபா என்ற அந்தப் புதுத் திரிபு எங்கெல்லாம் பரவுகிறது என்று அந்த இல்லாத கோட்டை வைத்தே பின்தொடர்ந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். முழுவதையும் வாசிக்கிற முறைகளைப் பற்றித்தான் அரைவாசி நேரம் பேச நினைத்து வந்தேன்! சுருக்கமாக: 1977இல் பிரெடெரிக் சாங்கர் வழிகாட்டினார், மனிதப் புத்தகத்தை வாசிக்க 1990இல் தொடங்கி 2003 வரை போனது, அப்போதும் இடையிடையே ஓட்டை, 2022இல்தான் அவற்றை அடைத்தார்கள். இப்போது கைக்குள் அடங்கும் கருவி ஒன்று, நுண்துளையால் டி.என்.ஏ. இழையை இழுத்து மின்னோட்டம் ஏறி இறங்குவதை வைத்தே எழுத்தை வாசிக்கிறது. கேள்வி தெரியாதபோது இப்படி முழுவதையும் வாசிக்கலாம், ஆனால் பிறகு அந்தக் குவியலிடம் என்ன கேட்பது என்பது... சரி சரி, தம்பி ஒரு விரல் காட்டுகிறார்.

பிள்ளைகளுக்காக ஒன்று, வீட்டில் செய்யலாம். வாழைப்பழத்தைப் பிசையுங்கள், உப்புத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி கலந்து அதில் விடுங்கள், துணியில் வடித்துக் கண்ணாடிக் கிளாசில் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்த ஸ்பிரிட்டைக் கிளாசின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள், அடுப்புக்குக் கிட்ட வேண்டாம், பெரியாட்கள் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக நூல் நூலாகக் கிளம்பும். ஈர்க்கில் ஒன்றைப் போட்டுச் சுற்றினால் சுற்றுப்படும். வாழையின் டி.என்.ஏ. அதுதான். வணக்கம்.