மாவுக்குள் போகும் பழம், மேலே வைக்கும் பழம்

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் குசினியில் நின்றபடிதான் வானொலி கேட்பீர்கள். இடியப்ப உரலும் கையுமாக நிற்பவர்கள் தாராளமாகப் பிழியுங்கள், நான் அதற்குப் போட்டியாக வரவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில், அல்லது கனடா, சுவிஸ் பக்கமிருந்து பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் ஆடி ஆவணியில், "இன்றைக்கும் புட்டா?" என்று ஒரு முகம் சுருங்கும் அல்லவா? அந்தக் காலைக்கு உதவுகிற ஒரு சாப்பாட்டைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பழ வாஃபிள்.

மனைப்பொருளியல் படிப்பித்த பழக்கம், காரணத்தைச் சொல்லாமல் செய்முறைக்கு வர மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் கட்டமாகக் குழி விழுந்த இரண்டு சூடான தகடுகளுக்கு நடுவில் மாவை ஊற்றி, மூடி, வேகவைத்தால் அதுதான் வாஃபிள். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகச் செய்கிறார்கள். அடுப்பில் வைத்துத் திருப்பிப் போடும் அச்சுக்கு அமெரிக்காவில் 1869இல் காப்புரிமை எடுத்தார்கள். 1964இல் நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் பெல்ஜிய வாஃபிளை ஸ்ட்ரோபெரியும் கிறீமும் வைத்து விற்றார்கள், அமெரிக்கா முழுக்கப் பெயர் பரவிவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: பழத்தை மேலேதான் வைத்தார்கள், மாவுக்குள் போடவில்லை. அதில் விஷயம் இருக்கிறது.

அச்சை மூடியதும் ஓரங்களால் குபுகுபுவென்று ஆவி வரும். மாவில் இருக்கிற தண்ணீர் வெளியே போகிறது. அது போனால்தான் வெளிப்பக்கம் மொறுமொறுக்கும். பழமோ தண்ணீர்ப் பொருள். வாழைப்பழத்தில் முக்கால்வாசி தண்ணீர், மாம்பழத்தில் 83 வீதமளவு, அன்னாசியில் 86, பப்பாசியில் 88. இவற்றை வெட்டி மாவுக்குள் கொட்டினால், துண்டு இருக்கிற இடமெல்லாம் ஈரமாகி, அச்சில் ஒட்டி, எடுக்கும்போது கிழிந்துவிடும். பழ வாஃபிள் சரிவரவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் நடக்கிறது.

மாவுக்குள் போகத் தகுந்தது வாழைப்பழம். நீர்வேலிப் பக்கத்துக் குலை வீட்டில் தொங்கினால் வேறென்ன வேண்டும்? தோல் கறுக்கத் தொடங்கிய கதலி இரண்டை, கட்டி இல்லாமல் நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். மசித்த பழம் மாவோடு ஒன்றாகிவிடும், துண்டு துண்டாக நின்று தண்ணீர் விடாது. இனிப்பும் தரும் என்பதால் சீனியைக் குறைக்கலாம்.

சரி, அளவுக்கு வருவோம். நாலைந்து பேருக்கு கோதுமை மா 250 கிராம். பச்சை மா. இதை இரண்டு தரம் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் போத்தலில் இருப்பது அவித்து அரித்த மா. அது புட்டுக்கும் இடியப்பத்துக்கும் சரி. அவித்த மாவில் பசைத்தன்மை போய்விடுவதால் வாஃபிள் உதிரும். பச்சை மாவோடு மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி சேர்த்து அரிதட்டில் அரித்துவிடுங்கள். வேறொரு பாத்திரத்தில் இரண்டு முட்டை மஞ்சள் கரு, 350 மில்லிலீற்றர் பால், உருக்கிய பட்டர் 80 கிராம், மசித்த பழம். பால்மாவைக் கரைத்தாலும் போதும். இதை மாவில் ஊற்றி, மா ஈரமாகும் வரை மட்டும் கலக்குங்கள். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், அடித்து அடித்துக் கலக்கினால் வாஃபிள் இறப்பர் மாதிரி இழுபடும். கடைசியில் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, மெதுவாக மடித்துச் சேருங்கள். இது சோம்பல் வந்தால் விடக்கூடிய வேலைதான், ஆனாலும் விடாதீர்கள். இன்னும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் மாவில் இரண்டு மேசைக்கரண்டியைக் குறைத்து, வறுக்காத அரிசிமா போடுங்கள்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் பல வீடுகளில் முட்டை உள்ளே வராது. அப்போது முட்டைக்குப் பதிலாக இன்னொரு கதலியையும் மசித்துப் போட்டு, பாலில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். புளிப்பும் பேக்கிங் பவுடரும் சேர்ந்து மாவை எழுப்பும். முட்டை போட்டது போல லேசாக வராது, உள்ளே கொஞ்சம் மெதுமையாக இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

மின்சார அச்சு இல்லாதவர்கள் காஸ் அடுப்பில் வைக்கும் மடிப்புத் தட்டை வாங்கலாம். எதுவானாலும் நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் தடவி ஊற்றுங்கள். ஆவி அடங்கும் வரை திறக்க வேண்டாம், நாலைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு நிற்கும். எடுத்ததைக் கோப்பையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஆவி பிடித்துத் தொய்ந்துவிடும். கம்பித் தட்டில் தனித்தனியாக வையுங்கள்.

இனி மேலே வைக்கும் பழம். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமென்றால் யோசிக்கவே தேவையில்லை, தோலைச் சீவிச் சின்னத் துண்டுகளாக வெட்டி அப்படியே பரப்புங்கள், சீனி கூடத் தேவையில்லை. முந்திரிகைப்பழத்தை, அதாவது திராட்சையை, பாதியாக வெட்டிப் போடலாம். கிறீமுக்குப் பதிலாக, துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர். அன்னாசியோடு மட்டும் ஒரு கவனம் வேண்டும். சமைக்காத அன்னாசியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதியம் உண்டு, தயிரோ பாலோ பட்டுக் கொஞ்ச நேரம் இருந்தால் கைப்பு வந்துவிடும். சின்னத் துண்டுகளாக வெட்டிச் சிறிது சீனி போட்டுத் தாச்சியில் தண்ணீர் வற்றும் வரை வதக்கினால் அந்தத் தொல்லை தீரும், சுவையும் கூடும். பப்பாசியிலும் அப்படியொரு நொதியம் இருக்கிறது. அதைத் தயிரோடு வைத்தால் வைத்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள்.

மேலே ஊற்ற மேப்பிள் பாணி தேடி அலைய வேண்டாம். பனங்கட்டியை உடைத்து, அரைக் கோப்பைத் தண்ணீரில் காய்ச்சி, வடித்து, இரண்டு ஏலக்காய் தட்டிப் போடுங்கள்.

பனம்பழக் காலத்தில் பனங்களியையும் மாவுக்குள் போட்டுச் செய்து பார்த்தோம். பணியாரத்துக்குச் செய்வது போலவே களியைச் சீனியோடு காய்ச்சி ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், பச்சையாகப் போட்டால் கைக்கும். அச்சில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும், எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். வாசம் அடுத்த வளவு வரை போகும்.

மிஞ்சிய மாவை நாளைக்கென்று வைக்காதீர்கள், பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். எல்லாவற்றையும் சுட்டு, ஆறவைத்து, பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வையுங்கள். பள்ளிக்கூட நாளில் தாச்சியில் இரண்டு பக்கமும் சூடுகாட்டினால் பழையபடி மொறுமொறுக்கும். மின்சார அச்சைத் தண்ணீருக்குள் போட்டுக் கழுவ வேண்டாம், சூடு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நன்றி, வணக்கம்.