அந்த அங்கியைக் கொடுத்தது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் எதிரணியினருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் நேரே வழக்குக்கு வருகிறேன்.

பாடகி டாலி பார்ட்டனின் வறுமை நிறைந்த இளமையைத் தாங்கி நின்றது இறைநம்பிக்கையா, குடும்பமா? குடும்பமே என்று சொல்ல வந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்தின் செவியர் கவுண்டியில், மலை சூழ்ந்த ஓர் ஒற்றை அறை மரவீட்டில் 1946 ஜனவரி 19 அன்று அவர் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால், தந்தை ராபர்ட் லீ பார்ட்டன் ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்தார். எனக்கு முன் பேசிய நண்பர், அந்த மருத்துவர் ஒரு மெதடிஸ்ட் மிஷனரி என்பதை நினைவூட்டி, அவரை அந்த மலைக்கு வரவழைத்தது விசுவாசம் என்றார். மறுக்கவில்லை. ஆனால், பசித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டிலிருந்து அந்த மூட்டையைத் தோளில் சுமந்துபோன தகப்பனையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

எதிரணித் தலைவி இன்னொன்று சொன்னார். "தாய் கொடுத்தது கந்தல்; அதை அங்கியாக்கியது வேதம்." இந்த அரங்கமே கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

நடந்தது இதுதான். குளிருக்குப் போட்டுக்கொள்ள மகளுக்குக் கோட்டு இல்லை. கையில் இருந்த துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, தாய் ஏவி லீ ஒரு கோட்டுத் தைத்தார். தைக்கும்போதே வேதாகமத்தில் வரும் யோசேப்பின் பலவருண அங்கியின் கதையைச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு பெருமையோடு பள்ளிக்கு ஓடிய சிறுமியைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வேதனையை அவர் 1971-இல் பாட்டாக வெளியிட்டார்; உலகம் கேட்டது.

நடுவர் அவர்களே, மறுபடியும் அந்த வீட்டுக்குள் வாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பில் வேலை, வயலில் வேலை என்று ஓயாத வீட்டில், ஒரே ஒரு மகளுக்காக ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார ஒரு தாய்க்கு நேரம் எங்கிருந்து வந்திருக்கும்? வேதம் அந்த மலையில் எத்தனையோ வீடுகளில் இருந்தது. இந்தச் சிவப்புத் துண்டு இங்கே, அந்த நீலத் துண்டு அங்கே என்று பார்த்துப் பார்த்து ஒட்டுப்போட்டு, நாளை இதைப் பார்த்து யாரேனும் சிரித்தால் என் மகள் உடைந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே அவளுக்கு ஒரு கதையையும் சேர்த்துத் தைத்தது எது? தாயின் மனம் அல்லவா?

சரி, வேதத்தையே திறப்போம். ஆதியாகமம் 37-ஆம் அதிகாரம். யோசேப்புக்கு அந்தப் பலவருண அங்கி வானத்திலிருந்து இறங்கவில்லை. தேவதூதன் கொண்டுவந்து போர்த்தவில்லை. தன் முதிர்வயதில் பிறந்த மகன் என்பதால் அதைச் செய்து கொடுத்தவன் யாக்கோபு, ஒரு தகப்பன்! பின்னர் அது இரத்தத்தில் தோய்ந்து வீடு திரும்பியபோது, தன் உடையைக் கிழித்துக்கொண்டு அழுதவனும் அதே தகப்பன்தான். தலைவி அவர்களே, நீங்கள் சாட்சிக்கு அழைத்த கதையே எங்கள் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது.

தேவாலயம்தான் அவருக்குப் பாடக் கற்றுக்கொடுத்தது என்றும் சொன்னார்கள். அவர் சிறு வயதில் பாடிய சபையின் போதகர் ஜேக் ஓவன்ஸ், தாயைப் பெற்ற தாத்தா. அந்த வீட்டில் விசுவாசமும் உறவின் கைகள் வழியாகத்தான் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

இனி நான் வாதாடப் போவதில்லை. அந்தத் தகப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

ராபர்ட் லீ பார்ட்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் இருந்த வேதத்தில் ஒரு வரியைக்கூட அவரால் தாமாக வாசிக்க முடிந்ததில்லை. அந்த ஏக்கத்தை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த மகள், 1995-இல் தம் சொந்த ஊர்க் குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் 20 கோடிக்கும் மேற்பட்ட புத்தகங்களைக் குழந்தைகளின் கையில் கொடுத்திருக்கிறது. 2000-இல் தந்தை காலமாகும் முன், அந்தத் திட்டம் வேரூன்றுவதைப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

செவியர்வில் நீதிமன்றத்தின் முன் 1987-இல் மகளுக்குச் சிலை வைத்தார்கள். சிலை என்றால் புறாக்கள் வரும், எச்சமிடும். ஊர் உறங்கிய பின், வண்டியில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போய், அந்த முதியவர் தம் மகளின் சிலையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாராம். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அது தம் பிள்ளையின் முகம், அழுக்காக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, அந்தக் கைகளை மனத்தில் வைத்துத் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.