வெண்குள்ளனா, வட்டா?

அவையோருக்கு வணக்கம்.

1855 டிசம்பர் 15ஆம் நாள் லண்டனில் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட், மிதுன மண்டலத்தில் அதுவரை பார்த்திராத ஒரு விண்மீனைக் கண்டார். சில நாள்களில் அது மங்கிப்போனது. மறு ஆண்டு அது மீண்டும் பொலிந்ததைப் பார்த்தவர் நார்மன் போக்சன். நம் சென்னை வானாய்வகத்தை 1861 முதல் 30 ஆண்டுகள் நடத்திய அதே போக்சன்தான். விண்மீன்களின் பொலிவை அளக்கும் ஒளித்தர அளவில் ஐந்து படி என்றால் நூறு மடங்கு ஒளி என்று வகுத்தவரும் அவரே. யு ஜெமினோரம் என்ற அந்த விண்மீன் ஒவ்வொரு வெடிப்பிலும் ஏறக்குறைய அந்த நூறு மடங்கு ஏறுகிறது. சராசரியாக நூறு நாளுக்கு ஒருமுறை இது நடக்கிறது. இவ்வகை விண்மீன்களைக் குறுநோவா என்கிறோம்.

அங்கே இருப்பவை இரண்டு விண்மீன்கள். ஒன்று சூரியனைவிடச் சற்று அதிக நிறையைப் பூமியைவிடச் சிறிய உருண்டைக்குள் அடக்கிய வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்; மற்றொன்று செங்குள்ளன் என்ற சிறிய, குளிர்ந்த சிவப்பு விண்மீன். நாலேகால் மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி முடிக்கின்றன. இடைவெளி சுமார் 11 லட்சம் கிலோமீட்டர், அதாவது சூரியனின் குறுக்களவைவிடக் குறைவு. செங்குள்ளனிலிருந்து வழியும் வாயு நேரே விழாமல் வெண்குள்ளனைச் சுற்றி வட்டாகச் சுழல்கிறது. அந்த வட்டு திடீரெனச் சூடேறுவதுதான் வெடிப்பு.

இதைப் புற ஊதாவில், அதுவும் அதன் கடைக்கோடியில் ஏன் பார்க்க வேண்டும்? 30,000 கெல்வின் வெப்பமுள்ள பொருள் உச்சமாக ஒளிவிடுவது சுமார் 970 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அங்கே செங்குள்ளன் இருக்கும் இடமே தெரியாது. நம் காற்று மண்டலம் அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குத்தான் போக வேண்டும். 1978இல் ஏவிய ஐயுஇ, பிறகு ஹபிள், 905 முதல் 1187 ஆங்ஸ்ட்ராம் வரை பார்த்த ஃப்யூஸ் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் நமக்குக் கிடைத்த கண்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. நாம் பார்க்கும் ஒளி வெண்குள்ளனிடமிருந்து வருகிறதா, வட்டிலிருந்தா? வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த நிறமாலையில், 1216 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜனின் லைமன் ஆல்பா என்ற கோடு அகன்ற பள்ளமாக விழுந்திருக்கும். அதன் நடுவே பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனின் ஒளி புகுந்து கெடுத்துவிடும். நாம் நம்ப வேண்டியது பள்ளத்தின் இரு கரைகளை. வெண்குள்ளனின் அடர்ந்த மேற்பரப்பில் அழுத்தத்தால் அந்தக் கரைகள் அகலும். சுழலும் வட்டிலும் அகன்ற பள்ளம் விழும். கணினியிடம் கொடுத்தால் வெண்குள்ளன் மாதிரி, வட்டு மாதிரி இரண்டையும் அழகாகப் பொருத்திக் காட்டும். கோடு கோட்டோடு ஒட்டிவிட்டதே என்று மகிழ்ந்து எழுந்துவிடுகிறோம். எனக்கு அச்சம் தருவது அந்த மகிழ்ச்சிதான்.

அப்போது நிறமாலையில் மற்றத் தனிமங்கள் விட்ட சிறு கோடுகளிடம் போக வேண்டும். வட்டின் உட்பகுதி நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதால் அங்கே பிறந்த கோடுகள் இழுகிக் கரைந்துவிடும். யு ஜெமினோரத்தில், வெடிப்பு அடங்கிய காலத்தில், 1400 ஆங்ஸ்ட்ராம் அருகே சிலிக்கானின் கோடுகள் கூர்மையாக நிற்கின்றன. அவற்றின் அகலம் நொடிக்கு 100 கிலோமீட்டர் அளவிலான சுழற்சியையே காட்டுகிறது. அது வெண்குள்ளனின் மேற்பரப்புதான்.

அந்தக் கோடுகளையே இன்னும் நெருங்கிப் பாருங்கள். இரு விண்மீன்களின் பொதுவான ஓட்டத்தைக் கழித்த பிறகும் அவை நொடிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்குச் சிவப்புப் பக்கம் தள்ளி நிற்கின்றன. ஒரு ஆங்ஸ்ட்ராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே! ஆனால் அது ஈர்ப்பைத் தாண்டி வெளியேற ஒளி கொடுத்த விலை. விண்மீனின் நிறைக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் அந்த இம்மியில் அடங்கியிருக்கிறது. வெப்பத்தையும் அளந்திருக்கிறார்கள்: வெடிப்பு அடங்கிய சில நாள்களில் ஏறக்குறைய 40,000 கெல்வின், அடுத்ததற்கு முன் 30,000 அளவுக்கு ஆறிவிடுகிறது. கார்பன் சூரியனில் உள்ளதில் இருபதில் ஒரு பங்கு, நைட்ரஜன் நான்கு மடங்கு. கார்பனைச் செலவிட்டு நைட்ரஜனைச் சேர்க்கும் அணு உலை ஒன்றின் வழியே இந்த வாயு வந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் இந்தத் தெளிவு கிடைக்காது. ஓய் கரினே என்ற குறுநோவாவில் வட்டின் மேலெழுந்த வாயுவிலுள்ள இரும்பு ஆயிரக்கணக்கான கோடுகளால் வெண்குள்ளனை மூடியிருக்கிறது. ஆய்வாளர்கள் அதை இரும்புத் திரை என்றே அழைத்தார்கள்.

ஆகவே தொலைவு வேண்டும். தொலைவு தெரிந்தால், வந்த ஒளியிலிருந்து உமிழும் பரப்பைக் கணக்கிடலாம். அது பூமியளவு உருண்டைக்குப் பொருந்துகிறதா, பெரிய வட்டுக்கா என்று தெரிந்துவிடும். எஸ்எஸ் சிக்னி என்ற மற்றொரு குறுநோவா இதில் கற்பித்த பாடத்தை மறக்க முடியாது. 1999இல் ஹபிள் அளவீடு அதன் தொலைவை 166 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) என்றது. அப்படியானால் வட்டு, அது ஏன் திடீரெனச் சூடேறுகிறது என்று விளக்கும் நம் கோட்பாடு அனுமதிப்பதைவிட மிகப் பிரகாசமாக இருக்க வேண்டும். கோட்பாட்டையே கைவிடலாமா என்ற பேச்சு வந்தது. 2013இல் வெளிவந்த ரேடியோ அளவீடு 114 பார்செக் என்றது. பின்னர் விண்மீன்களின் தொலைவை அளக்கும் கையா விண்கலமும் அதையே உறுதிசெய்தது. ஒளிர்வு பாதிக்கும் கீழே இறங்கியது, கோட்பாடு பிழைத்தது.

அந்த ரேடியோ அளவீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. எஸ்எஸ் சிக்னி ரேடியோவில் வலுவாக ஒலிப்பது வெடிப்பின்போது மட்டும். அது எப்போது வெடிக்கும் என்று நாள் குறிக்க முடியாது. இரவு தவறாமல் சொந்தத் தொலைநோக்கியில் அதைப் பார்த்து வந்த ஆர்வலர்கள், பொலிவு ஏறத் தொடங்கியதும் தகவல் அனுப்பினார்கள். அதன் பிறகே அந்தப் பெரிய ரேடியோ கிண்ணங்கள் அது இருக்கும் சிக்னஸ் மண்டலத்தின் பக்கம் திரும்பின.