அபேயோகுட்டா சந்தைப் பெண்கள்

(மகளிர் தினத்தையொட்டி ஒரு கல்லூரி அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பை ‘ஆப்பிரிக்கப் பெண்களுக்கு அதிகாரமளித்தல்: கல்வி, தொழில், உரிமைக் குரல்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த ‘அளித்தல்’ மீது கொஞ்சம் சண்டை உண்டு. அளிப்பது என்றால் ஒரு கை மேலே இருக்க வேண்டும், ஒரு கை கீழே இருக்க வேண்டும். இங்கே யார் கை மேலே? அப்புறம், ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். அரை மணி நேரத்தில் அத்தனையையும் சுற்றிக் காட்ட என்னால் ஆகாது. அதனால் உங்களை ஒரே ஓர் ஊருக்குக் கூட்டிப்போகிறேன்.

நைஜீரியாவில், லாகோசுக்கு வடக்கே இருக்கும் ஊர் அபேயோகுட்டா. பெயருக்குப் பொருள் ‘பாறைக்கு அடியில்’. 1830 வாக்கில் போருக்குத் தப்பி ஓடிவந்த எக்பா மக்கள் ஓலுமோ என்ற பெரும் பாறையின் மறைவில் குடியேறினார்கள். யோருபா மொழி பேசுகிறவர்கள். அங்கே வியாபாரம் என்றால் பெண்தான். அரிசி, பாமாயில், துணி எல்லாம் பெண்கள் கையில். கணவன் சம்பாத்தியம் வேறு, மனைவி முதல் வேறு. யாரும் ‘அளிக்காமலே’ அந்தப் பெண்களிடம் ஒரு பலம் இருந்தது என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

அவர்கள் செய்த துணி ஒன்றைச் சொல்கிறேன். பெயர் அடிரே. மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சுவார்கள், அதில் மயில்துத்தம் கலப்பார்கள். கோழி இறகை அதில் தொட்டு, வெள்ளைத் துணியில் கட்டம் கட்டமாகக் கோலம் எழுதுவார்கள். காய்ந்ததும் துணியைப் பானைச் சாயத்தில் முக்குவதும், எடுத்துக் காற்றாட விடுவதும், மறுபடி முக்குவதுமாக நீலம் கருக்கும்வரை வேலை. கடைசியில் கஞ்சியைச் சுரண்டினால் அது இருந்த இடத்தில் மட்டும் வெளிர்நீலக் கோடு நிற்கும். அந்தச் சாயம் எலு என்ற கொடியின் இலையிலிருந்து வருவது. நம் திண்டிவனம் பக்கத்து அவுரி வேறு செடி. ஆனால் இரண்டும் தருகிற நீலம் ஒன்றுதான். வெள்ளைத் துணி மான்செஸ்டரிலிருந்து வரும். அந்தத் துணியை இவர்கள் கை மாற்றி நீலமாக்கி, மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் விற்றார்கள். 1935-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஆட்சி வெள்ளிவிழா வந்தது. உடனே ராஜா, ராணி முகத்தைப் போட்டு ஓர் அடிரே வந்துவிட்டது! வியாபாரிக்குத் தருணம் தெரியும்.

நைஜீரியா அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. சரி, அந்த ராஜாவின் அரசாங்கம் இவர்களுக்கு என்ன செய்தது? வரி போட்டது. நேரடியாக அல்ல, ஊர் மன்னர் வழியாக. அவருக்கு அலாக்கே என்று பட்டம். வெள்ளைக்காரர்கள் ஊர் அதிகாரம் முழுவதையும் அவர் ஒருவரிடமே கொடுத்து உட்காரவைத்து, அவர் கையால் வசூலித்தார்கள். மனைவிக்குக் கணவனைச் சேராத தனி வரி. பெண்பிள்ளை என்றால் 15 வயதிலேயே வரி தொடங்கிவிடும். வயது தெரியவில்லையா, வரிக்காரர்கள் அந்தப் பிள்ளைகளின் ஆடையை விலக்கிப் பார்த்தார்கள். வரி கட்டினாலும் ஊர் நிர்வாகத்தில் பெண்ணுக்கு ஒரு நாற்காலி கிடையாது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் சந்தைப் பெண்களின் அரிசியை அதிகாரிகள் பறிக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு டீச்சரம்மா வருகிறார். ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. 1900-ல் அதே ஊரில் பிறந்தவர். அபேயோகுட்டா உயர்நிலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது போன முதல் மாணவிகளில் ஒருவர். 1919-ல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், திரும்பி வரும்போது ஃபிரான்சஸ் அபிகேல் என்ற ஞானஸ்நானப் பெயரை உதறிவிட்டு ஃபுன்மிலாயோவாக வந்தவர். கணவரும் ஆசிரியர், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்.

1932-ல் இவர் ஒரு சீமாட்டிகள் சங்கம் தொடங்கினார். படித்த, கிறிஸ்தவ, வசதியான வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். தையல், சமையல், கொஞ்சம் தருமம். குறை சொல்லவில்லை, ஆனால் அந்தச் சங்கத்துக்குள் அரிசி விற்கிறவளுக்கு இடமில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத சிநேகிதி ஒருத்தி இவரிடம் வந்து, ‘எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடு’ என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் திரும்பியது என்று நான் நினைக்கிறேன். சந்தைப் பெண்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கியது. வகுப்பு என்றால் டீச்சர் பேச, மற்றவர்கள் கேட்பது என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். அரிசி பறிபோன கதை, வரிக்காரன் வந்து நின்ற கதை எல்லாம் வகுப்புக்குள் வந்தன. இங்கிலாந்து போய்ப் படித்து வந்த அம்மையாருக்குத் தன் சொந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதை அ, ஆ தெரியாதவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அவரிடம் பிடித்ததே, வெட்கப்படாமல் அதைக் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் அரிசிப் பறிமுதலை எதிர்த்தார்கள்; அது நின்றது. 1946-ல் சீமாட்டிகள் சங்கம் ‘அபேயோகுட்டா பெண்கள் சங்கம்’ ஆனது. ஊரில் எந்தப் பெண்ணும் சேரலாம். ஃபுன்மிலாயோ கவுனைக் கழற்றிவைத்துவிட்டு, சந்தைப் பெண்களைப் போலவே துணியைச் சுற்றிக் கட்டி, தலைத்துணி முடிந்துகொண்டார். உடையைப் பார்த்து இவள் படித்தவள், அவள் படிக்காதவள் என்று யாரும் பிரிக்கக் கூடாது என்பது கணக்கு. பொதுக் கூட்டத்தில் யோருபாதான் பேசுவார். வெள்ளைக்கார அதிகாரிக்குப் புரிய வேண்டுமென்றால் அவன் ஆள் வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்!

இன்னொன்று செய்தார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அலாக்கேயின் நிர்வாகக் கணக்கைத் தணிக்கை செய்ய ஒரு கணக்காளரை நியமித்தார்கள். ஊர்வலம் யாரும் போகலாம்; வரவு செலவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்பது வேறு. பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்துப் பழகியவளுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தார்கள். ‘ஊர்வலமா? இல்லையே, நாங்கள் பிக்னிக் போகிறோம்’ என்றார்கள் பெண்கள். திருவிழா என்றும் சொன்னார்கள். கண்ணீர்ப்புகை வந்தால் கண், மூக்கு, வாயைத் துணியால் எப்படிப் பொத்துவது என்று முன்கூட்டியே பயிற்சி. 1947 நவம்பர் கடைசியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அரண்மனை வாசலில் திரண்டார்கள். பாட்டுப் பாடினார்கள். அதில் ஒரு பாட்டு, ‘ஆண் என்பதால்தானே இத்தனை நாள் எங்களை ஆண்டாய்’ என்று மன்னரின் உடம்பையே குறிப்பிட்டுக் கேட்கிற பாட்டு. முதல்வரம்மா முன்வரிசையில் இருப்பதால் முழுதாகச் சொல்ல மாட்டேன். (சிரிப்பு) அந்தப் போராட்டத்தில் இருந்த ஒரு தாயின் மகன் அப்போது பதின்மூன்று வயதுப் பையன். பிற்பாடு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கிய வோலே சோயிங்கா.

இந்த நாட்களில் மாவட்ட அதிகாரி ஒருவர், ‘உன் பெண்களை வாயை மூடச் சொல்’ என்று ஃபுன்மிலாயோவிடம் கத்தினாராம். ‘உன்னைப் பெற்றிருக்கிறார்கள், வளர்க்கவில்லை. உன் தாயிடம் இப்படிப் பேசுவாயா?’ என்று திருப்பிக் கேட்டாராம் இவர்.

அதைவிடப் பெரிய சங்கதி ஓரோ கோல். ஓரோ என்பது ஆண்கள் மட்டும் நடத்தும் சடங்கு. அது வெளியே வருகிறது என்றால் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். பார்த்தாலே ஆபத்து என்று நம்பிக்கை. கூட்டத்தைக் கலைக்க அந்தக் கோலோடு வந்தார்கள். சிலர் பின்வாங்கினார்கள். ஃபுன்மிலாயோ அந்தக் கோலைப் பிடுங்கி, ‘இனி அதிகாரம் பெண்களிடம்’ என்று தலைக்குமேல் ஆட்டிக் காட்டினார். அதோடு விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்.

1948-ல் பெண்கள் மீதான வரி போனது. 1949 ஜனவரியில் அலாக்கே பட்டம் துறந்து ஊரைவிட்டு வெளியேறினார். ஊர் நிர்வாகக் குழுவில் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

இதோடு நிறுத்தினால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அலாக்கே 1950 கடைசியில் திரும்பி வந்துவிட்டார். ஃபுன்மிலாயோ தேர்தலில் நின்றார், ஜெயிக்கவில்லை. ஒரு முறை அவருடைய கட்சியே சீட்டுக் கொடுக்கவில்லை. சுதந்திரம் வந்தபிறகும் நைஜீரியாவின் வடக்கில் பெண்களுக்கு வாக்கு இல்லை. அதற்காகப் பேசிக்கொண்டே இருந்தார். 1976-ல்தான் கிடைத்தது.

அடுத்த வருஷம், 1977 பிப்ரவரியில், லாகோசில் அவர் மகனும் பாடகருமான ஃபேலா குட்டியின் வீட்டுக்குள் ராணுவம் புகுந்தது. 76 வயதுக் கிழவியை ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அந்தக் காயத்திலிருந்து அவர் மீளவில்லை. 1978 ஏப்ரல் 13-ல் இறந்தார். அபேயோகுட்டாவில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

சந்தைக்காரிக்கு ஒரு நாள் கடை மூடினால் அன்றைய பிழைப்பு போச்சு. மழைக்கும் மூட மாட்டாள், மன்னர் வந்தாலும் மூட மாட்டாள். அந்த அடக்கத்தன்று அபேயோகுட்டாவில் கடைகளையும் சந்தைகளையும் மூடிவிட்டு அவர்கள் வந்து நின்றார்கள்.

வணக்கம்.