இன்ஸ்டால் பாதியில் நின்றுவிட்டதா? பவர் பட்டனில் கை வைக்கும் முன்

[திரையில்: லேப்டாப். இன்ஸ்டாலரின் பச்சைக் கோடு முக்கால்வாசியில் நிற்கிறது.]

வணக்கம். இந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்கள். கடகடவென்று முக்கால்வாசி வந்தது, அப்புறம் இருபது நிமிடமாக இங்கேயே நிற்கிறது, மவுஸைக் கொண்டுபோனால் வட்டம் சுற்றுகிறது, போதாததற்கு விண்டோவின் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றும் வந்துவிட்டது. இந்த இடத்தில் எல்லோருக்கும் கை நேராகப் பவர் பட்டனுக்குத்தான் போகும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். இது செத்துவிட்டதா, உள்ளே வேலை நடக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்குமே நான் சொல்வது பொருந்தும்.

முதலில் அந்த 'நாட் ரெஸ்பாண்டிங்'. விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அடிக்கடி தகவல் அனுப்பும், மவுஸ் இங்கே நகர்ந்தது, இந்த இடத்தைத் திரும்ப வரை என்று. 5 விநாடி பதில் வராவிட்டால் தலைப்பில் இதை எழுதிவிடும். உள்ளே வேலையாக இருப்பவர் வாசலில் கூப்பிட்டதும் குரல் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். பச்சைக் கோட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. அது கடிகாரம் இல்லை, முடிந்த வேலைகளின் கணக்கு. சின்னச் சின்ன ஃபைல்களைக் காப்பி செய்யும்போது வேகமாக ஓடும், கடைசியில் ஒரு டேட்டாபேஸை அமைப்பதோ ஒரு டிரைவரைப் பதிவு செய்வதோ ஒரே ஒரு வேலையாகக் கணக்கில் இருக்கும், அதற்குள் பத்து நிமிடம் ஓடினாலும் கோடு இம்மியும் நகராது.

[திரையில்: டாஸ்க் மேனேஜர் திறக்கிறது.]

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மேலே 'டிஸ்க்' என்று ஒரு பத்தி இருக்கிறது பாருங்கள், அதன் தலையில் ஒரு கிளிக். எது டிஸ்க்கை அதிகம் பயன்படுத்துகிறதோ அது மேலே ஏறிவிடும். இப்போது எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் அந்த எண்களை மட்டும் பாருங்கள். நீங்கள் ஓடவிட்ட இன்ஸ்டாலரின் பெயருக்கு நேராகவோ, 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' (மென்பொருள்களை ஏற்ற விண்டோஸிலேயே இருக்கும் பகுதி) என்ற வரிக்கு நேராகவோ 0.1, 4.2, திரும்ப 0, அப்புறம் 1.8 என்று எண் மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. மெதுவாகத்தான், ஆனால் நடக்கிறது.

சில நேரம் இன்ஸ்டாலர் 0-இல் இருக்கும், அதற்கு மேலே 'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயர் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான் அது. இறங்கும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறது, இன்ஸ்டாலர் அதற்காக வரிசையில் நிற்கிறது. வேகம் வேண்டும் என்று அதை அணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். புது மென்பொருள் உள்ளே நுழையும் நேரத்தில்தான் அந்தக் காவல் அதிகம் தேவை. எஸ்எஸ்டி இல்லாத, சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் என்றால் மேலே டிஸ்க் 100 சதவீதம் என்றே நிற்கும். பயப்பட வேண்டாம். மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்துபோங்கள். மூடியை மூடினால் பெரும்பாலான லேப்டாப்கள் தூங்கப் போய்விடும், இன்ஸ்டாலும் கூடவே நின்றுவிடும்.

எண்கள் அசையவே இல்லையா? அப்போதும் உடனே கொல்ல வேண்டாம். ஆல்ட், டேப் அழுத்திப் பாருங்கள். பெரிய விண்டோவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்டி, எக்செல் திறந்திருக்கிறது, மூடட்டுமா என்று உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும். கீழே டாஸ்க்பாரையும் பாருங்கள், கேடயம் போட்ட ஓர் ஐகான் மின்னிக்கொண்டிருந்தால் அனுமதி கேட்கிறது. அதைக் கிளிக் செய்து 'யெஸ்' கொடுத்தால் கோடு மறுபடி ஓட ஆரம்பிக்கும். செத்துவிட்டது என்று நினைத்த இன்ஸ்டால் இந்த ஒரு கிளிக்கில் எழுந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதுவும் இல்லை என்றால், டாஸ்க் மேனேஜரில் 'டீட்டெய்ல்ஸ்' பக்கம் போய், இன்ஸ்டாலரின் பெயரில் வலது கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது யாருக்காகக் காத்திருக்கிறது, அது இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறது என்று விண்டோஸே வரிசையாகக் காட்டும். கடைசியில் இருப்பதுதான் அடைப்பு. அது நீங்கள் திறந்துவைத்த சாதாரண புரோகிராம் என்றால் அதை மூடினாலே போதும்.

இத்தனையும் பார்த்துவிட்டீர்கள், அரைமணி நேரமாக எதுவும் அசையவில்லை. சரி, இப்போது நிறுத்தலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் இன்ஸ்டாலரிலேயே 'கேன்சல்'. அது வேலை செய்தால் கோடு பின்னோக்கிப் போகும், அதைப் போகவிடுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் எதையாவது மாற்றும் முன் பழைய ஃபைல்களை ஒரு மறைவான ஃபோல்டரில் எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும், கேன்சல் செய்தால் எல்லாவற்றையும் பழைய இடத்தில் திருப்பி வைக்கும். அந்த நேரத்தில் பவரை நிறுத்தினால் புதியதும் இருக்காது, பழையதும் சரியாக இல்லாமல் போகலாம். கேன்சலே வேலை செய்யவில்லை என்றால்தான் டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்'.

[திரையில்: 'அனதர் இன்ஸ்டாலேஷன் இஸ் ஆல்ரெடி இன் ப்ராக்ரஸ்' என்ற செய்தி.]

அப்புறம் திரும்ப இன்ஸ்டால் செய்யப் போனால் இது வரும். இன்னொரு இன்ஸ்டால் நடந்துகொண்டிருக்கிறது என்கிறது. இதன் எண் 1618. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இன்ஸ்டாலைத்தான் அனுமதிக்கும், ஒரே சாவி மாதிரி. நாம் கொன்றது முன்னால் தெரிந்த விண்டோவை, சாவியை வைத்திருப்பது பின்னால் ஓடும் சர்வீஸ். அது இன்னும் விடவில்லை.

என் அக்கா மகன் இதில்தான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டான். கல்லூரிப் பாடத்துக்கான மென்பொருள், பாதியில் நின்றது, மூடினான், அப்புறம் எத்தனை முறை போட்டாலும் இதே 1618. "மாமா, தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்றேன், காலைல ஆன் பண்ணா மறுபடியும் அதேதான் வருது" என்றான். அவன் சொன்னது உண்மை. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'சிபியு', கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் இருக்கும். அதில் 11 நாள் என்று காட்டியது. தினமும் அணைத்த லேப்டாப், அதன் கணக்கில் 11 நாளாக அணையவே இல்லை!

[திரையில்: 'அப் டைம்' எண் பெரிதாகத் தெரிகிறது.]

காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸ் 8-இலிருந்து வந்த வசதி. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்துவைத்தவை மட்டும் மூடப்படும், விண்டோஸின் உள்பகுதியும் பின்னால் ஓடும் சர்வீஸ்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழுந்துவரும். மாட்டிக்கொண்ட சர்வீஸும் சேர்ந்துதான் எழுந்துவரும். 'ரீஸ்டார்ட்' அப்படி இல்லை, எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட் முழுமையானது என்பது பலருக்கு நம்பவே கடினமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். அவனை ஒரே ஒரு ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். அப் டைம் 0-இலிருந்து தொடங்கியது, மென்பொருள் முதல் முயற்சியிலேயே ஏறியது.

இரண்டு இடங்களில் மட்டும் நான் சொன்ன எதையும் செய்யாதீர்கள். விண்டோஸ் அப்டேட் முழுத்திரையில் ஓடும்போதும், லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் 'பயாஸ்' என்ற அடிப்படை மென்பொருள் அப்டேட் ஆகும்போதும் கை வைக்கவே கூடாது. குறிப்பாக பயாஸ் பாதியில் நின்றால் லேப்டாப் ஆன் ஆகாமலே போகலாம், கடைக்குத்தான் எடுத்துப்போக வேண்டியிருக்கும்.

ரீஸ்டார்ட் ஆனதும் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். மென்பொருள் 5 ஜிபி என்றால் இறக்கிய ஃபைல், பிரித்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள், கடைசியில் நிற்கும் மென்பொருள் என்று மூன்று பங்கு இடம் தேவைப்படலாம். இறக்கிய ஃபைலை அழித்துவிட்டு, தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே புதிதாக இறக்குங்கள், டவுன்லோட் பாதியில் அறுந்த ஃபைலும் இப்படித்தான் நடுவில் நிற்கும்.

மறுபடியும் அதே இடத்தில் நின்றால் லாக் ஃபைலைத் திறங்கள், இன்ஸ்டாலர் தான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கும் குறிப்பு அது. பல இன்ஸ்டாலர்கள் டெம்ப் ஃபோல்டரில் ஒன்றை எழுதி வைக்கும். அங்கே போக விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, %temp% என்று அப்படியே டைப் செய்து என்டர் கொடுங்கள். தேதிப்படி அடுக்கினால் மேலே வரும், நோட்பேடில் திறங்கள். ஆயிரக்கணக்கான வரி இருக்கும், படிக்க வேண்டாம். கண்ட்ரோல், எஃப் அழுத்தி 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் எழுதிய லாக்கில் தோற்றுப்போன இடத்தில் இந்தச் சொல் இருக்கும், அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும். அந்த வரிகளை மட்டும் காப்பி செய்து, பெயர், ஃபோல்டர் போன்ற உங்கள் சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, கீழே கமெண்டில் போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.